காய்வது வேறு, இறுகுவது வேறு: உருமறைப்பு வண்ணப் பூச்சின் கோளாறுகள்

சனிக்கிழமை மாலை. மொட்டை மாடியில் பழைய செய்தித்தாளை விரித்து, கேமரா முக்காலியின் கால்களைக் கழற்றி வைத்து, ஸ்ப்ரே டப்பாவால் மணல் நிறம் அடித்தாயிற்று. அவசரப்படக் கூடாது என்று ராத்திரி முழுக்கக் காயவிட்டாயிற்று. ஞாயிறு காலை தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டவில்லை. மேலே பச்சையை அடித்த சில நிமிடங்களில் அடியிலிருந்த மணல் நிறமும் பச்சையும் சேர்ந்து சுருங்கி, ஆறிய பாலின் ஆடையை விரலால் தள்ளியதுபோல் மடிப்பு மடிப்பாக எழுகின்றன.

அடித்தவர் முதலில் டப்பாவைத் திட்டுவார், பிறகு கடைக்காரரை. அடுத்த முறை இன்னும் விலை கூடிய டப்பா வாங்குவார். அதுவும் சுருங்கும். ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்தும் ஏன் இப்படி என்று அவருக்குப் புரியாது. அந்த ஒரு ராத்திரிதான் காரணம் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்.

பறவை பார்ப்போரின் முக்காலியும் சாமான் பெட்டியும், ரேடியோவால் இயக்கும் விமானங்கள், பிளாஸ்டிக் பீரங்கி மாதிரிகள், ஏர்சாஃப்ட் விளையாட்டுக்காரர்களின் உபகரணங்கள் என்று பொழுதுபோக்குப் பொருள் எதுவானாலும், உருமறைப்பு வண்ணம் அடிக்கும்போது வரும் கோளாறுகள் ஏறத்தாழ ஒன்றே. அவற்றில் பெரும்பாலானவை எந்தக் கம்பெனி பெயின்ட் என்பதைச் சார்ந்தவை அல்ல. நேரம், தடிமன், மேற்பரப்பு ஆகிய மூன்றில் ஒன்றின் பிழை. இந்த மூன்றையும் வரிசையாக ஆராய்வதே இக்கட்டுரை.

இரண்டு வரலாறுகள்

போர்க்களத்தில் உருமறைப்பை ஒரு தனிக் கலையாக முதலில் அமைத்தது பிரெஞ்சு ராணுவம். 1915-இல் ஓவியர்களைக் கொண்டே அதற்கென ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. ஓவியர் கிரான் த செவோலா அதற்குத் தலைமை ஏற்றார். ஸ்ப்ரே டப்பா பின்னால் வந்தது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் சிக்கமோர் என்ற ஊரில் பெயின்ட் வியாபாரம் செய்த எட்வர்ட் சீமோர், 1949-இல் அலுமினியப் பெயின்டைக் காற்றழுத்த டப்பாவில் அடைத்தார். யோசனை அவர் மனைவி பானியுடையது.

இந்த இரண்டு கலைகளும் சேர்வதற்கு முன்பே அடுக்கு வண்ணத்தின் தலைவலி தொடங்கிவிட்டது. 1943 பிப்ரவரியில் ஜெர்மானிய ராணுவம் தன் கவச வண்டிகளுக்கு அடர்மஞ்சளை அடிநிறமாக்கியது. அதன்மேல் ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் அடிக்க, படைகளுக்குப் பசை வடிவில் பெயின்ட் டின்கள் போயின. களத்தில் கிடைத்த பெட்ரோலையோ தண்ணீரையோ கலந்து வீரர்களே அடித்துக்கொண்டார்கள். தண்ணீர் கலந்து அடித்தது நிலைக்காமல் மழையில் கரைந்தது. ஒரே டின், ஒரே நிறம். கரைத்த திரவம் மாறியதும் விளைவும் மாறியது. இன்று மொட்டை மாடியில் நடப்பதும் இதேதான்: கெடுப்பதும் காப்பதும் பெரும்பாலும் நிறத்தூள் அல்ல, அதைச் சுமந்து வரும் கரைப்பான்.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே பெயின்ட்களை நம் தேவைக்கு இரண்டு குலமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒன்று லாக்கர் வகை. அக்ரிலிக் லாக்கர் இதில் சேரும். நம் ஊர் வாகனப் பட்டறைகளில் 'டூகோ' என்று சொல்லப்பட்ட நைட்ரோசெல்லுலோஸ் பெயின்டும் இந்தக் குலம்தான். கரைப்பான் ஆவியானால் காய்ந்தது என்று பொருள், அவ்வளவுதான். வேதி மாற்றம் எதுவும் இல்லை. அதனால் எத்தனை நாள் ஆனாலும் அதே கரைப்பான் பட்டால் மீண்டும் இளகும். இது குறைபோலத் தோன்றும். ஆனால் அடுக்கு வேலையில் இதுவே வசதி. இரண்டாவது பூச்சு முதல் பூச்சின் மேல்தோலைச் சற்று இளக்கி அதோடு ஒன்றாகிவிடுகிறது.

மற்றொன்று எனாமல் வகை, குறிப்பாக ஆல்கிட் எனாமல். இதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் கரைப்பான் போகும், தொட்டால் ஒட்டாது. பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகும். முன்னது மணிக்கணக்கு, பின்னது நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு. காய்வது வேறு, இறுகுவது வேறு. பெரும்பாலான கோளாறுகள் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பிறக்கின்றன.

சுருக்கம்: முதல் எதிரி

வடகம் காயவைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெயிலில் மேல்புறம் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். உடைத்தால் உள்ளே ஈரம் நிற்கும். எனாமல் பூச்சும் அப்படித்தான். காற்றுப் படும் மேற்பகுதி முதலில் இறுகித் தோலாகிறது. அடிப்பகுதி இன்னும் மிருதுவாக இருக்கிறது. அந்த நிலையில் அடுத்த நிறத்தை அடித்தால், அதன் கரைப்பான் தோலுக்குள் ஊடுருவி அதை வீங்க வைக்கிறது. வீங்கிய தோலுக்கு விரிய இடமில்லை. அதனால் மடிப்பாக எழுகிறது.

இதனால்தான் பல எனாமல் டப்பாக்களில் விநோதமான ஒரு குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும்: அடுத்த பூச்சை 1 மணி நேரத்துக்குள் அடியுங்கள், இல்லாவிட்டால் 48 மணி நேரம் கழித்து அடியுங்கள். முதல் ஒரு மணிக்குள் தோல் படர்ந்திருக்காது. புதிய கரைப்பான் உள்ளே போனாலும் பழையதோடு சேர்ந்தே வெளியேறிவிடும். 48 மணிக்குப் பிறகு பூச்சு தாங்கும் அளவுக்கு இறுகியிருக்கும். இடைப்பட்ட காலமே அபாயம். மாலையில் அடித்து மறுநாள் காலை மீண்டும் அடிப்பவர் அந்த அபாயத்தின் நடுவில் போய் நிற்கிறார். அவரிடம் பொறுமை இல்லாமல் இல்லை. பொறுமை பாதி வழியில் நின்றுவிட்டது.

டப்பாவில் உள்ள நேரங்களை அப்படியே நம்பவும் முடியாது. அமெரிக்க நிறுவனங்கள் அவற்றை 21 டிகிரி செல்சியஸ், 50 விழுக்காடு ஈரப்பதம் என்ற கணக்கில் சொல்கின்றன. நம் கடலோர ஊர்களில் அப்படி ஒரு நாள் வருவதே அபூர்வம். பூச்சு தடிமனாக இருந்தாலும் கணக்கு மாறும். இரண்டு நாள் என்றால் மூன்று நாள் விடுவது நல்லது.

உருமறைப்பில் இந்தச் சிக்கல் பன்மடங்காகிறது. ஒரே நிறம் அடிப்பவருக்கு இரண்டு பூச்சு போதும். இங்கே மூன்று, நான்கு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, அதுவும் சில இடங்களில் மட்டும் ஏறுகின்றன. ஆகவே ஒரே பொருளின் ஒரு பக்கம் ஒரு பூச்சும் இன்னொரு பக்கம் நான்கு பூச்சும் இருக்கும். மெல்லிய இடம் இறுகிவிட்டது என்பதற்காகத் தடித்த இடமும் இறுகியிருக்கும் என்று எண்ணக் கூடாது.

குலம் மாறும்போதும் எச்சரிக்கை தேவை. எனாமலின் மேல் லாக்கர் அடித்தால் லாக்கரின் வீரியமான கரைப்பான் அடிப்பூச்சைக் கிளப்பிவிடும். நன்கு காய்ந்த லாக்கரின் மேல் எனாமல் அடித்தால் பெரும்பாலும் தாங்கும். வீரியமானது கீழே, மென்மையானது மேலே என்பது மாதிரி செய்வோரிடையே பழைய விதி. இந்தத் தொந்தரவே வேண்டாம் என்றால் எல்லா நிறங்களையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையில் வாங்குவதே நல்லது.

பெயின்ட் பிடிக்காத பிளாஸ்டிக்

இரண்டாவது பெரிய புகார்: நகம் பட்டாலே உரிகிறது. இங்கே பூச்சைவிட அடிப்பரப்பே குற்றவாளி. பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 அல்லது 4 என்றால் பாலிஎதிலீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். இவை மெழுகுபோல வழுக்கும் குணமுள்ளவை. பெரும்பாலான திரவங்கள் இவற்றின் மேல் சரியாகப் படரா. கார் பம்பர்களுக்கென விற்கும் பிளாஸ்டிக் பிரைமரை மெல்லியதாக அடித்த பிறகே இவற்றில் நிறம் ஏற்ற வேண்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் அவ்வளவு முரண்டு பிடிக்காது. தெர்மோகோலோ ஸ்ப்ரே பெயின்டின் கரைப்பான் பட்டதும் கரைந்து குழியாகிவிடும். நுரை விமானம் செய்வோர் இதை ஒரு முறையாவது பட்டுத் தெரிந்திருப்பார்கள்.

பிளாஸ்டிக் எதுவானாலும், அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய்ப் பசை அதன் மேல் இருக்கலாம். பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு 400 அல்லது 600 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மீண்டும் கழுவிக் காயவிட வேண்டும். சுத்தமாயிற்றா என்பதற்கு எளிய சோதனை: தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர்போல் முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. பாலிஎதிலீனுக்கும் பாலிபுரொப்பிலீனுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது; அவை சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் உருளும்.

கழுவிய பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையின் ரேகை பெயின்டுக்கு அடியில் அப்படியே நிற்கும். கார் டாஷ்போர்டு பாலிஷிலும் தலைமுடி சீரத்திலும் உள்ள சிலிக்கோன் இன்னும் மோசம். அது பட்ட இடத்தில் பெயின்ட் விலகி, மீன் கண்போல் வட்டக் குழிகள் விழும். குழி விழுந்தால் அதை மூட மேலும் மேலும் அடிப்பது வீண். காயவிட்டு, உப்புத்தாள் போட்டு, கழுவி, மறுபடி தொடங்குவதே வழி.

வானிலையின் பங்கு

பூச்சின்மேல் பால் தெளித்ததுபோல் வெளிறிய மூட்டம் வருவது மழைக்காலக் கோளாறு. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. அந்தக் குளிர்ச்சி, காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலையைத் தொட்டால், ஈரம் பூச்சின் மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. வேகமாக ஆவியாகும் லாக்கரில் இது அதிகம்.

தொழில்முறைப் பெயின்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பூச வேண்டிய பரப்பு பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதல் வெப்பமாக இருக்க வேண்டும். 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. இடைவெளி 4-க்குச் சற்றுக் கீழே. ஈரப்பதம் 85 ஆனால் பனிநிலை 27-ஐத் தாண்டி, இடைவெளி 3-க்கும் கீழே போகிறது. சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் அதிகாலையில் இந்த அளவு சாதாரணம். காலையில் எழுந்ததும் அடித்து முடித்துவிடலாம் என்ற நல்லெண்ணம் இங்கே எதிரியாகிறது. வெயில் ஏறி, ஈரம் குறைந்த முற்பகல் வரை பொறுப்பது மேல்.

பட்டறைக்காரர் இதற்கு மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்துகொள்வார். மூடிய டப்பாவில் எதையும் கலக்க முடியாது. நாளைத்தான் மாற்ற வேண்டும். லாக்கரில் வந்த மூட்டத்தை உலர்ந்த நாளில் அதே பெயின்டைப் பனி தூவுவதுபோல் மெல்ல அடித்தால் பெரும்பாலும் போக்கிவிடலாம். மேற்பரப்பு இளகும்போது சிக்கிய ஈரம் வெளியேறிவிடும்.

இதற்கு நேர் எதிரான கோளாறு சித்திரை வெயிலில் வரும். டப்பாவைத் தூரத்தில் பிடித்தால் துளிகள் பொருளை அடைவதற்கு முன்பே காற்றில் காய்ந்துவிடும். பரப்பு உப்புத்தாள்போல் சொரசொரக்கும். கையால் தடவினால் தூள் உதிரும். கிட்டத்தில் பிடித்தால் வழியும். பொதுவாக 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் சரி. கடும் வெயிலில் அந்த அளவின் கீழ் எல்லையை ஒட்டிப் பிடிக்கலாம். வெயிலில் கிடந்து சுட்ட பொருளின் மேல் அடிக்கவே கூடாது.

எந்த நிறம் முதலில்?

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. வெளிர் நிறத்தில் தொடங்கி இருளுக்குப் போவது ஒன்று. கறுப்பில் தொடங்கி, நிழல் விழ வேண்டிய இடத்தை மறைத்துவிட்டு, மேலே வெளிர் நிறங்களை ஏற்றிச் செல்வது மற்றொன்று. இரண்டாவது முறையில் ஆழம் நன்றாக வரும் என்பது உண்மை. ஆனால் கறுப்பின் மேல் மணல் நிறம் முழுமையாக மூட இரண்டு மூன்று பூச்சு பிடிக்கும். மணலின் மேல் கறுப்பு ஒரே வீச்சில் மூடிவிடும். பூச்சு கூடக் கூடத் தடிமன் கூடும். தடிமன் கூடினால் இறுகத் தாமதமாகும். அங்கேதான் சுருக்கம் காத்திருக்கிறது. ஆகவே டப்பா பெயின்டைப் பொறுத்தவரை வெளிரிலிருந்து இருளுக்குப் போவதே பாதுகாப்பானது. ஏர்பிரஷ் வைத்து மெல்லிய படலம் அடிப்பவர்கள் மற்ற வழியைத் தாராளமாக முயலலாம்.

வடிவத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுவோர் சந்திப்பது இரண்டு தொல்லைகள். ஒன்று, டேப்பின் அடியில் பெயின்ட் கசிவது. ஒட்டியபின் அதன் ஓரத்தில் அடியிலுள்ள நிறத்தையே ஒரு முறை மெல்ல அடித்துவிட்டால், கசிவது அந்த நிறமாகவே இருக்கும். புதிய நிறத்துக்கு வழி அடைபட்டுவிடும். இரண்டு, டேப்போடு பெயின்டும் உரிந்து வருவது. டேப்பை முதலில் துணியில் ஒட்டி எடுத்துப் பிசினைக் குறைத்துக்கொள்ளலாம். கடைசிப் பூச்சு கெட்டியாகும் முன், பரப்போடு படிந்த கோணத்தில் மெதுவாகப் பின்னோக்கி இழுக்க வேண்டும்.

டேப் இல்லாமலும் வேலை நடக்கும். வெங்காயம் வரும் வலைப்பையை இழுத்துப் பிடித்து மேலே அடித்தால் பாம்புத் தோல் வடிவம் கிடைக்கும். மூங்கில் இலை, சவுக்கு ஊசி, நாணல் ஆகியவற்றை வைத்து அடித்தால் புதர் நிழல் வரும். பச்சை இலையின் ஈரம் பூச்சைக் கெடுக்கும். செய்தித்தாளுக்குள் ஒரு நாள் வைத்து எடுத்துப் பயன்படுத்த வேண்டும். ஓரம் கொஞ்சம் மங்கினாலும் கவலையில்லை. ஆனால் வடிவத்தை மிகப் பொடியாகப் போடக் கூடாது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பொடி வடிவங்கள் ஒன்றாகக் கலந்து ஒரே நிறமாகிவிடும். பொருளின் வெளிக்கோடு உடையாது. வெளிக்கோட்டை உடைப்பதுதான் உருமறைப்பின் நோக்கமே.

பளபளப்பு என்னும் காட்டிக்கொடுப்பு

உருமறைப்பு பெயின்ட் மங்கலாக இருக்க, அதில் சிலிக்கா போன்ற நுண்தூள் சேர்க்கிறார்கள். இந்தத் தூள் டப்பாவின் அடியில் படியும். சரியாகக் குலுக்காவிட்டால் முதலில் வருவது பளபளக்கும். கடைசியில் வருவது வெளுக்கும். உள்ளே உள்ள குண்டு கலகலவென்று ஓடத் தொடங்கிய பிறகும் முழுதாக 2 நிமிடம் குலுக்க வேண்டும். நடுநடுவேயும் குலுக்க வேண்டும். ஒரே பொருளில் திட்டுத் திட்டாக மினுமினுப்பு வருவதற்குப் பல சமயம் காரணம் இதுதான்.

மேலே அடிக்கும் நிறமற்ற மங்கல் பூச்சான கிளியரும் இதே சோதனைக்கு உட்பட்டது. ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் பனிப் படலம்போல் வெளுத்து, இருண்ட நிறங்களைத் தின்றுவிடும். இரண்டு மெல்லிய பூச்சு போதும். அதன் குலமும் கீழேயுள்ள பூச்சோடு ஒத்துப்போக வேண்டும். நான்கு நிறமும் நன்றாக அமைந்து, கடைசியில் கிளியர் அடித்து எல்லாம் சுருங்கிய கதைகள் உண்டு.

சுருங்கிய பின் என்ன செய்வது?

முதல் வேலை, கையை எடுப்பது. ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பிசின்போல் இழுபடும். தின்னர் ஊற்றினால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கரையும். ஒரு வாரம் அப்படியே விட வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவுக்கு இறுகிய பிறகு, தண்ணீர் தொட்டு 400 எண் உப்புத்தாளால் மடிப்புகளைச் சமப்படுத்தி, மிக மெல்லிய பூச்சாகத் தொடங்க வேண்டும். முழுவதையும் சுரண்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது. உருமறைப்பின் பெரிய வசதி இதுதான்: தவறு நடந்த இடத்தில் இன்னொரு திட்டு போட்டுவிட்டால், அதுவும் வடிவத்தில் சேர்ந்துவிடும்.

எதன்மேல் அடிக்கக் கூடாது?

பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம், தலைக்கவசம் ஆகியவற்றில் ஸ்ப்ரே பெயின்ட் படவே கூடாது. பாலிகார்பனேட்டில் கரைப்பான் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கும். அடி விழும் நாளில்தான் அது தெரியும். பெரிய டெலிஃபோட்டோ லென்ஸின் மேலும் அடிக்கத் தேவையில்லை. வெயிலின் சூட்டைக் குறைக்கத்தான் பலவற்றை வெள்ளையாகவே செய்கிறார்கள். உருமறைக்கத் துணியுறை போதும். பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற அடையாளம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அது உயிர் காக்க வைத்தது. எந்த ஊரிலும் அதை மறைத்து வண்ணம் அடிப்பது விபரீதம்.

அடிப்பவர் தன்னையும் காத்துக்கொள்ள வேண்டும். டப்பாவிலிருந்து பெயின்டைத் தள்ளுவது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் போன்ற எரிவாயு; சமையல் காஸின் உறவு. காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழும். அடிக்கும் இடத்தில் கொசுவர்த்தியோ ஊதுபத்தியோ புகையக் கூடாது. சாதாரணத் துணி முகமூடி தூளைத் தடுத்தாலும் கரைப்பான் ஆவியைத் தடுக்காது; கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். 50 டிகிரிக்கு மேல் டப்பாவைச் சூடாக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிட்டு வருவது அந்த எச்சரிக்கையை மீறுவதே.

முடிவாக

எல்லாக் கோளாறுகளையும் சேர்த்துப் பார்த்தால் மருந்துகள் மூன்றே: கழுவிய பரப்பு, மெல்லிய பூச்சு, சரியான நேரம். முதல் இரண்டையும் அனுபவம் சீக்கிரமே கற்றுக்கொடுக்கும். மூன்றாவதில்தான் கைதேர்ந்தவர்களும் தடுக்குகிறார்கள். ஒட்டவில்லை என்று விரல் சொல்வது மேல்தோலின் செய்தி மட்டும். உள்ளே நடப்பது விரலுக்குத் தெரியாது.

ஆகவே டப்பாவின் பின்பக்கத்தை முதலில் படியுங்கள். ஒரு மணிக்குள் எல்லா நிறத்தையும் முடிக்க முடியுமா, அல்லது நிறத்துக்கு மூன்று நாள் ஒதுக்க முடியுமா என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் முதல் பூச்சின் நாளையும் மணியையும் எழுதிப் பொருளுக்கு அருகில் ஒட்டி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கை அரிக்கும்போது அதைப் படித்துவிட்டு, டப்பாவைக் கீழே வைத்துவிடுங்கள்.